கூத்துப் பாட்டெல்லாம் இருந்த ஃபைல் திறக்கவில்லை: கடையில் கொடுக்கலாமா?

கேள்வி: நான் மட்டக்களப்புப் படுவான்கரையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் ஊரில் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஒருவரின், வடமோடி வகைக் கூத்துக் கொப்பியைப் பார்த்து, வேர்டில் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடித்துக்கொண்டு வந்தேன். 140 பக்கம் வந்துவிட்டது. போன கிழமை பின்னேரம் இடி மின்னலோடு கரண்ட் போனது. யூபிஎஸ் இல்லை. பிறகு கொம்பியூட்டர் வழக்கம்போல ஓடுகிறது. ஆனால் அந்த ஃபைலைத் தொட்டால் பழுதாகிவிட்டது, திறக்க முடியாது என்கிறது. அளவு மட்டும் 400 கேபிக்கு மேல் காட்டுகிறது. கடைத் தம்பி, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, ஒரு சொப்ட்வெயார் ஓடவிட்டால் எடுத்துத் தரலாம் என்கிறார். பேரன் எங்கேயோ தேடி ஒரு ஃபைலைத் திறந்தான். அதில் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கிடக்கிறது. அண்ணாவியார் இப்போது உயிரோடு இல்லை. கொப்பி அவருடைய மகன் வீட்டில், சில தாள் கறையான் அரித்தபடி இருக்கிறது. கொம்பியூட்டரைக் கடையில் கொடுத்துவிடவா?

பதில்:

சேர், கொடுக்க வேண்டாம். இப்போதைக்கு அந்தக் கொம்பியூட்டரை நிறுத்திவிட்டு இதை வாசியுங்கள். அதோடு, பேரன் திறந்த அந்த ஃபைலை யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அநேகமாக அதுதான் உங்கள் கூத்து.

முதலில் கடைத் தம்பி சொன்னதைப் பார்ப்போம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஓடாத கொம்பியூட்டரை ஓட வைப்பது அவருடைய வேலை, அதற்கு விண்டோஸைப் புதிதாகப் போடுவது சரியான வழிதான். ஆனால் உங்கள் கொம்பியூட்டர் ஓடுகிறது. உங்களுக்குத் தேவை அதற்குள் கிடக்கும் எழுத்து. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் பல ஜிபி அளவுக்குப் புது விஷயங்கள் டிஸ்கில் எழுதப்படும். உங்கள் ஃபைலின் பழைய பிரதிகள் அந்த டிஸ்கில்தான் எங்கெங்கோ கிடக்கின்றன, சில அழிபட்ட நிலையில். அவற்றின் மேல் புதிது எழுதப்பட்டுவிட்டால் எந்த சொப்ட்வெயாராலும் திருப்பி எடுக்க முடியாது. கொழும்பில் இருக்கும் பெரிய நிபுணரிடம் கொண்டுபோனாலும் முடியாது. மீட்கும் சொப்ட்வெயாரை அதே டிஸ்கில் இறக்கிப் பதிவதும் இதே ஆபத்துத்தான், அளவு குறைவு என்பதைத் தவிர.

அந்த ஃபைலுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பது விளங்கும். வேர்ட் நீங்கள் சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் பழைய ஃபைலின் மேலேயே எழுதுவதில்லை. பக்கத்தில் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி, முழுவதையும் அதில் எழுதி, பிறகு பழையதை ஒதுக்கிவிட்டுப் புதியதற்கு உங்கள் ஃபைலின் பெயரைக் கொடுக்கிறது. விண்டோஸும் எழுத வேண்டியதை உடனே டிஸ்கில் எழுதாமல் கொஞ்ச நேரம் நினைவகத்தில் வைத்திருக்கும். ஃபைலின் பெயர், அளவு, இருக்கும் இடம் போன்ற விபரங்களை மட்டும் தனிக் குறிப்பாகப் பத்திரப்படுத்தும். உள்ளே இருக்கும் எழுத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த இடைவெளியில் கரண்ட் போனால், இடாப்பில் பெயர் இருக்கும், பிள்ளை வகுப்பில் இராது. 400 கேபி என்று அளவு காட்டியும் திறக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியானால் அந்த ஃபைலுக்குள் வெறும் பூச்சியங்கள்தான்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. ஃபைலில் பெரும்பகுதி சரியாக எழுதப்பட்டு, கடைசித் துண்டு மட்டும் போயிருக்கலாம். இது எவ்வளவோ நல்ல நிலை. இரண்டில் எது என்று கண்டுபிடிக்கச் சில நிமிடம் போதும். பழுதான ஃபைலை ஒரு பென் ட்ரைவில் பிரதி எடுத்துக்கொண்டு, வேறொரு கொம்பியூட்டரில் அந்தப் பிரதியை நோட்பேடில் திறவுங்கள். பக்கம் பக்கமாக வெறுமையாக இருந்தால் முதல் நிலை. தொடக்கத்தில் பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் அதன் பிறகு விளங்காத குறிகளும் இருந்தால் இரண்டாவது நிலை. 2007இல் இருந்து வேர்ட் பயன்படுத்தும் டொக்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஸிப் பொதி, அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. அந்த இரண்டெழுத்தும் ஸிப் முறையை உருவாக்கிய பில் கட்ஸ் என்பவருடைய பெயரின் முதலெழுத்துகள். பார்த்துவிட்டு நோட்பேடை சேவ் செய்யாமலே மூடுங்கள்.

இனி பேரன் கண்டெடுத்த ஃபைல். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் மீட்ட ஃபைல்கள் இந்த இடத்தில்தான் குப்பைக்குப் போகின்றன. பாமினியில் நீங்கள் அடிக்கும்போது கொம்பியூட்டர் தமிழ் எழுத்து எதையும் சேமிப்பதில்லை. அது சேமிப்பது ஆங்கில எழுத்துகளை. அவற்றைத் தமிழ் உருவத்தில் காட்டுவது மட்டும்தான் பாமினியின் வேலை. சிறிய எஃப் என்றால் க, பெரிய எஃப் என்றால் கு, அரைப்புள்ளி என்றால் மெய்யெழுத்தின் புள்ளி. வேர்ட் நல்லபடி ஓடும்போது, எந்த வரிக்கு எந்த எழுத்துரு என்ற குறிப்பும் ஃபைலுக்குள் இருப்பதால் நமக்கு இது தெரிவதே இல்லை. ஃபைல் உடைந்து எழுத்து மட்டும் மீண்டு வரும்போது அந்தக் குறிப்பு காணாமல் போகும். பேரனுடைய லெப்டொப்பில் பாமினி பதியப்படாமல் இருந்தாலும் இதேதான் நடக்கும். கண்ணுக்குத் தெரிவது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கோடுகளும்.

உண்மையான குப்பைக்கும் பாமினிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். குப்பையில் சதுரப் பெட்டிகள், கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரங்கள், தொப்பி போட்ட அந்நிய எழுத்துகள் எல்லாம் கலந்து வரும், சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது. பாமினியில் சாதாரண ஆங்கில எழுத்துத்தான் இருக்கும், சொல் அளவில் ஒழுங்காக இடைவெளி விழும், அரைப்புள்ளி எக்கச்சக்கமாக இருக்கும். உங்களுடையது கூத்து என்பதால் இன்னொரு அடையாளமும் கிடைக்கிறது. விருத்தம் என்ற பாவகையின் நீண்ட வரியும் தரு என்ற கூத்துப் பாட்டின் குறுகிய வரியும் மாறி மாறி வருவது எழுத்து விளங்காவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும். "தரு" என்ற சொல் ஒரே மாதிரியான எழுத்துக்கோவையாகத் திரும்பத் திரும்பத் தலைப்பில் வரும்.

அப்படி இருந்தால், முதலில் அந்த ஃபைலைப் பிரதி எடுத்து வையுங்கள். பிரதியை வேர்டில் திறந்து, முழுவதையும் தெரிவு செய்து, எழுத்துருவைப் பாமினி என்று மாற்றுங்கள். அந்த நிமிடத்திலேயே, கூத்தில் வரவை அறிவிக்கும் கட்டியகாரன் வரவோ எதுவோ கண்முன் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: வேர்ட் அதை ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு சிவப்புக் கோடு போடும், திருத்தவும் கேட்கும். ஒன்றையும் திருத்த விடாதீர்கள். பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக்கினாலே கு இருந்த இடத்தில் க வந்துவிடும். பாட்டில் அப்படி மாறியதைப் பிறகு கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்து, பேரன் அதை எந்த ஃபைலில் இருந்து திறந்தான் என்று கேளுங்கள். பெயரின் முடிவில் ஏஎஸ்டி என்று இருந்தால் அது வேர்ட் தானாக எடுத்து வைத்த மீட்புப் பிரதி. நாம் மாற்றாவிட்டால் வேர்ட் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை இப்படி ஒன்றை எடுத்து வைக்கும். கரண்ட் போன பிறகு முதல் தடவை வேர்டைத் திறந்தபோது இடப்பக்கத்தில் ஒரு பட்டியல் வந்திருக்கும். பலர் அதை என்னவென்று தெரியாமல் மூடிவிடுகிறார்கள். மூடியிருந்தாலும் பரவாயில்லை, தேடிப் பார்க்க இடங்கள் உண்டு. வேர்டில் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டொகியுமென்ட் என்று போனால் சேவ் செய்யப்படாதவற்றை மீட்கும் தெரிவு வரும். சேவே செய்யாத ஃபைல்களை அது 4 நாள்தான் வைத்திருக்கும். உங்களுடையது முன்பே சேவ் செய்த ஃபைல், ஆகவே ஏஎஸ்டி ஃபைலைத்தான் முக்கியமாகத் தேட வேண்டும். அது உங்கள் பெயரில் உள்ள போல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் மைக்ரோசொஃப்ட், அதற்குள் வேர்ட் என்ற போல்டரில் இருக்கும். ஆப்டேட்டா மறைத்து வைக்கப்பட்ட போல்டர். மறைந்தவற்றைக் காட்டும்படி வியூ பட்டியலில் மாற்றினால்தான் தெரியும்.

நீங்கள் வழமையாக சேவ் செய்யும் போல்டரையும் அப்படியே பாருங்கள். அலைக்குறியில் தொடங்கி டிஎம்பி என்று முடியும் ஃபைல்கள் இருந்தால், நான் மேலே சொன்ன தற்காலிகப் பிரதிகள் அவைதான். திகதியைப் பாருங்கள், அளவைப் பாருங்கள். 300, 400 கேபி இருப்பது உங்கள் ஃபைலாக இருக்கலாம். அலைக்குறியும் டொலர் குறியும் சேர்ந்து தொடங்கும் ஒரு சின்னஞ்சிறு ஃபைலும் இருக்கும். அதில் யார் ஃபைலைத் திறந்தார் என்ற பெயர் மட்டும்தான், அதை நம்பி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். கிடைத்த எல்லாவற்றையும் பென் ட்ரைவுக்குப் பிரதி எடுத்த பிறகே திறவுங்கள். மூலத்தில் கை வைக்க வேண்டாம்.

பழுதான ஃபைல் பி, கே என்று தொடங்கினால், அதன் பிரதியிலும் முயன்று பார்க்க நிறைய இருக்கிறது. வேர்டில் ஃபைலைத் தெரிவு செய்துவிட்டு ஓபன் பொத்தானின் பக்கத்தில் உள்ள சின்ன அம்பை அழுத்தினால் "ஓபன் அன்ட் ரிப்பெயார்" என்று வரும். அது சரிவராவிட்டால் வேர்ட் போன்ற இன்னொரு சொப்ட்வெயாரான லிப்ரே ஒஃபிஸில் திறந்து பாருங்கள். வேர்ட் மறுத்த ஃபைலை அது சில வேளை திறந்துவிடும், காசும் இல்லை. அதுவும் முடியாவிட்டால் ஃபைலின் பெயர் முடிவை ஸிப் என்று மாற்றி, ஸிப் பொதியைப் பிரிக்கும் செவன்-ஸிப் என்ற சொப்ட்வெயாரால் விரியுங்கள். உள்ளே வேர்ட் என்ற போல்டரில் டொகியுமென்ட் என்று ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும், உங்கள் 140 பக்கமும் அதில்தான். ஒரேயொரு அடைப்புக்குறி தவறினாலும் வேர்ட் முழுவதையும் திறக்க மறுக்கும், ஆனால் எழுத்து அங்கே அப்படியே கிடக்கும். ஸிப் பொதியின் பொருளடக்கம் ஃபைலின் கடைசியில் இருப்பதால், வால் அறுந்த ஃபைல் விரிய மறுக்கலாம். அப்போது வின்ரார் சொப்ட்வெயாரில் உள்ள ரிப்பெயார் தெரிவு உதவும். வால் போனாலும் முன்பகுதியை, அறுந்த இடம் வரைக்கும், பல தடவை எடுத்துவிடலாம். இந்த வழிகளில் வருவதும் பாமினிதான், ஆங்கிலம் போலத்தான் தெரியும். பேரனிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நீங்கள் பழைய டொக் வகையில் சேவ் செய்பவராக இருந்தால் கதை வேறு. அது ஸிப் அல்ல, பி, கே என்று தொடங்காது. எழுத்து சுருக்கப்படாமல் இருப்பதால் நோட்பேடில் திறந்தாலே நடுவில் எங்கோ பாமினி வரிகள் தெரியும். வேர்டிலும் ஓபன் பெட்டியின் ஃபைல் வகைப் பட்டியலில், எந்த ஃபைலில் இருந்தும் எழுத்தை மட்டும் எடுக்கும் ஒரு தெரிவு உண்டு. அது டொக் வகைக்கு நன்றாக வேலை செய்யும், டொக்எக்ஸுக்குச் சரிவராது.

டிஸ்கைத் தோண்டும் வேலைக்குப் போகுமுன் இன்னொன்று, சேர். இந்த ஃபைல் வீட்டை விட்டு எப்போதாவது வெளியே போனதா என்று யோசியுங்கள். களுவாஞ்சிகுடியிலோ மட்டக்களப்பு டவுனிலோ கொமினிகேஷன் கடையில் கொஞ்சப் பக்கம் பிரின்ட் எடுத்தீர்களா? அந்தக் கடைக் கொம்பியூட்டரின் டவுன்லோட்ஸ் போல்டரில் கிடக்கக்கூடும். யாருக்காவது வட்ஸ்அப்பில் அனுப்பினீர்களா? அண்ட்ராய்ட் போனில் அனுப்பிய ஃபைலின் பிரதி வட்ஸ்அப் டொகியுமென்ட்ஸ் போல்டருக்குள் "சென்ட்" என்ற இடத்தில் இருக்கும், பெற்றவருடைய போனிலும் இருக்கலாம். மெயிலில் அனுப்பியிருந்தால் அனுப்பியவற்றின் பட்டியலில் இருக்கும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை யாராவது ஆய்வுக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டு போனதா? கூத்தைப் பற்றி எழுதும் பிள்ளைகள் நம் ஊர்களில் இப்படி வாங்குவது வழக்கம்தான். மூன்று மாதத்துக்கு முந்திய பிரதி கிடைத்தால்கூட நீங்கள் திரும்ப அடிக்க வேண்டியது அந்த மூன்று மாத வேலை மட்டும்தான்.

இதெல்லாம் பார்த்தும் போதிய அளவு கிடைக்காவிட்டால்தான் அழிபட்ட ஃபைலைத் தேடும் சொப்ட்வெயார். இந்த இடத்தில் கடைத் தம்பியின் உதவி தேவைப்படும், ஆனால் நீங்கள் சொல்கிறபடி செய்யச் சொல்லுங்கள். டிஸ்கைக் கழற்றி, கடையில் உள்ள கொம்பியூட்டரில் இரண்டாவது டிஸ்காக மாட்ட வேண்டும். இந்தத் தேடலுக்கான ரெக்குவா, போட்டோரெக் என்ற சொப்ட்வெயார் இரண்டுக்கும் காசு தேவையில்லை. எடுப்பவற்றைக் கட்டாயம் வேறு டிஸ்கில் போட வேண்டும். டிஸ்கைச் சரிபார்க்கவா, ஃபோர்மட் பண்ணவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். போட்டோரெக் பழைய பெயர்களைத் தராது, எல்லாம் இலக்கப் பெயரில் குவியலாக வரும். அளவை வைத்துப் பிரித்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் பொறுமை வேண்டும், அதைப் பேரனிடம் விடலாம்.

உங்கள் கொம்பியூட்டரில் இருப்பது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இந்தத் தேடலில் நம்பிக்கை வைக்கலாம். சுழலும் பாகம் இல்லாத புது வகை டிஸ்கான எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. அழித்த ஃபைல் இருந்த இடத்தை விண்டோஸ் எஸ்எஸ்டிக்கு அறிவித்துவிடும், அது கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தைத் துடைத்துவிடும். அழிபடாமல் இருக்கும் ஏஎஸ்டி, டிஎம்பி ஃபைல்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவை எதில் இருந்தாலும் எடுக்கலாம். டிஸ்கில் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அப்போது அது கடை வேலை அல்ல, டிஸ்கைத் திறந்து மீட்கத் தெரிந்த இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

என் கணக்கில், நீங்கள் சொன்னவற்றை வைத்துப் பார்த்தால், பெரும்பகுதி மீளும். அன்று பின்னேரம் அடித்த சில பக்கம் போயிருக்கலாம்.

அந்தச் சில பக்கத்துக்காகவாவது அண்ணாவியாரின் மகன் வீட்டுக்கு இந்தக் கிழமையே போய்விட்டு வாருங்கள். கறையான் ஏறிய கொப்பி மாரி முடியும் வரை காத்திருக்காது. கையில் உள்ள போனே போதும். பகல் வெளிச்சத்தில் முற்றத்துத் திண்ணையில் வைத்து, தாளுக்கு ஒரு படம், அரித்த தாளுக்கு இரண்டு மூன்று என்று எடுங்கள். ஒட்டிய தாளைப் பிரிக்க முயல வேண்டாம். ஓரத்தில் அண்ணாவியார் எழுதி வைத்த தாளக்கட்டு, அதாவது மத்தளச் சொற்கட்டுக் குறிப்புகளும் படத்தில் விழ வேண்டும், நீங்கள் அடித்ததில் அவை இருக்காது என்று நினைக்கிறேன். இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005இல் இருந்து மின்னுருவாக்கி வரும் நூலகம் நிறுவனத்தாரிடமும் மகனின் சம்மதத்தோடு பேசிப் பாருங்கள். கூத்துக் கொப்பி ஒரு வீட்டுச் சொத்து. கேட்டு, மரியாதையோடு செய்தால் மறுக்கமாட்டார்கள்.

ஃபைல் மீண்ட பிறகு செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். வேர்ட் மீட்புப் பிரதி எடுக்கும் 10 நிமிடத்தை ஒரு நிமிடமாக மாற்றுங்கள், ஃபைல், ஒப்ஷன்ஸ், சேவ் என்ற இடத்தில் அது இருக்கிறது. அதே ஒப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குள், எப்போதும் பின்பிரதி ஒன்று எடுக்கும் தெரிவையும் போட்டு வையுங்கள். அப்புறம், ஒரே பெயரில் மாதக்கணக்கில் சேவ் செய்ய வேண்டாம். கிழமைக்கு ஒரு புதுப் பெயர், திகதியோடு. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழக்கம் தொடங்கினால் கரண்ட் வயரோடு இன்டர்நெட் வயரையும் கழற்றிவிடுங்கள், மின்னல் அதன் வழியாகவும் வரும். பிரதி ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், கூகுள் ட்ரைவிலோ வெளியூரில் உள்ள சொந்தக்காரர் ஒருவரின் மெயிலிலோ. 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட கரை இது. கொம்பியூட்டர் மேசை லாச்சியில் கிடக்கும் பென் ட்ரைவ் இரண்டாவது பிரதி ஆகாது.

முழுவதும் கைக்கு வந்த பிறகு, பாமினிப் பிரதியை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியை, தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றியதை ஒரு தடவை ஒப்பிட்டு வாசிக்க வேண்டும், அதற்கு உங்களை விடப் பொருத்தமான ஆள் இல்லை. யூனிகோடில் இருந்தால் எழுத்துரு தொலைந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும், "தரு" என்று தேடினால் தருவெல்லாம் வந்து நிற்கும்.

நோட்பேடில் முதலில் தெரிந்தது என்ன, டிஸ்க் சுழலும் வகையா எஸ்எஸ்டியா, பேரன் திறந்த ஃபைலின் பெயர் எப்படி முடிகிறது, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள் சேர். அதைப் பார்த்து அடுத்து எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்கிறேன்.